கப்பல்ல ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரண்ட்ல டிப்ஸ் எவ்ளோ? மொதல்ல பில்ல படிங்க

சொந்தத்துல யாராச்சும் குரூஸ், அதான் சுற்றுலாக் கப்பல் பயணம், புக் பண்ணிட்டாங்கன்னா கெளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி எனக்கு ஒரு போன் வரும், "தம்பி, அங்க டிப்ஸ் எல்லாம் குடுக்கணுமாமே, எவ்ளோ குடுக்கறது, யாருக்கு குடுக்கறது"ன்னு. போன மாசம் சித்தி கேட்டாங்க, அதுக்கு முன்னாடி மச்சான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதனால ஒரே தடவையா எழுதிடறேன், அடுத்து கேக்கறவங்களுக்கு இதையே அனுப்பிடலாம்.

நம்மளுக்கு இந்த குழப்பம் ஏன் வருதுன்னா நம்ம சிங்கப்பூர்ல டிப்ஸே கெடையாது. தேக்காவுல வாழையிலை சாப்பாடு சாப்டுட்டு மிச்சம் 2 வெள்ளிய (சிங்கப்பூர் டாலர்) தட்டுல விட்டுட்டு வர்றது ஒண்ணு, அதுகூட பாதி பேர் செய்ய மாட்டோம். கோப்பிக்கடையில கோப்பி வாங்கிட்டு யாரும் டிப்ஸ் வெக்கறதில்ல. கொஞ்சம் பெரிய ரெஸ்டாரண்ட் போனா மெனுவுல பிளஸ் பிளஸ்னு போட்டிருப்பான், 10% சர்வீஸ் சார்ஜ், அதுக்கு மேல 9% ஜிஎஸ்டி, அதாவது 100 வெள்ளிக்கு சாப்டா 119.90 கட்டிட்டு வரணும். அதோட நம்ம வேலை முடிஞ்சுது, மனசாட்சியும் உறுத்தாது. அந்த 10% பரிமாறினவருக்குத்தான் போகணும்னு சட்டம் ஒண்ணும் இல்லங்கறது வேற விஷயம்.

ஆனா மரீனா சவுத் பியர் எம்ஆர்டில எறங்கி, மரீனா பே குரூஸ் சென்டர்ல பெட்டிய குடுத்துட்டு ராயல் கரீபியன் மாதிரி அமெரிக்க கம்பெனி கப்பல்ல ஏறின நிமிஷத்துலேருந்து நீங்க பழக்கவழக்கத்துல பாதி அமெரிக்காவுல இருக்கீங்க. ஜன்னல்ல பார்த்தா கார்டன்ஸ் பை தி பே தெரியும், ஆனா பில்லு அமெரிக்க டாலர்ல, டிப்ஸும் அமெரிக்க கணக்கு. அங்க டிப்ஸ் வாங்குற வேலையில இருக்கறவங்களுக்கு மொதலாளி கையிலேருந்து மணிக்கு 2.13 டாலர் குடுத்தா போதும்னு அவங்க மத்திய சட்டம் சொல்லுது, மிச்சம் டிப்ஸுலேருந்து வந்து குறைஞ்சபட்ச சம்பளத்த எட்டணும், 1991லேருந்து அந்த 2.13 அசையவே இல்ல. கப்பல்ல வேலை பாக்கறவங்களுக்கு அந்த சட்டம் பொருந்தாது, ராயல் கரீபியன் கப்பல்ல பெரும்பாலானது பஹாமாஸ் கொடியில ஓடுது, ஆனா டிப்ஸ் குடுக்கற வழக்கம் மட்டும் அப்படியே கப்பல் ஏறி வந்துடுச்சு. வேலை பாக்கறவங்க யாருன்னு பார்த்தா பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா, ஆறு ஏழு மாசம் வீட்டுக்கு போகாம உழைக்கறவங்க.

சரி, விஷயத்துக்கு வரேன். கப்பல்ல டிப்ஸ் ரெண்டு வழியா போகுது, இத பிரிச்சு புரிஞ்சுக்கிட்டா பாதி குழப்பம் தீந்துடும்.

ஒண்ணு, தெனசரி கிராஜுவிட்டி, கப்பல்ல டிப்ஸுக்கு அதான் பேரு. தலைக்கு இவ்ளோன்னு ஒவ்வொரு நாளுக்கும் உங்க ரூம் கணக்குல தானா ஏறிடும், இல்லன்னா புக் பண்ணும்போதே கட்டிடலாம். ராயல் கரீபியன்ல சாதாரண ரூமுக்கு தலைக்கு ஒரு நாளைக்கு 18.50 டாலர்னு இருந்துச்சு, சூட்னு சொல்ற பெரிய ரூமுக்கு இன்னும் கூட, அடிக்கடி ஏத்துவாங்க அதனால புக் பண்றப்ப ஒரு தடவை பாத்துக்கோங்க. நாலு பேர் குடும்பம், நாலு ராத்திரின்னா 296 டாலர், ஒரு டாலர் 1.30 வெள்ளின்னு வெச்சா 385 வெள்ளி கிட்ட வருது, கொழந்தைக்கும் சேத்துதான். "டிக்கெட் சல்லிசா கெடச்சுது"ன்னு சொல்றவங்க இத சேக்காம சொல்றாங்க. இந்த காசு ரூம் சுத்தம் பண்றவங்களுக்கு, மெயின் டைனிங் ரூம்ல பரிமாறறவங்களுக்கு, பின்னாடி வேலை பாக்கறவங்களுக்குன்னு போகுது. அதனால மெயின் டைனிங் ரூம்லயோ பஃபேலயோ ஒவ்வொரு வேளையும் டிப்ஸ் வெக்க வேண்டியதில்ல, யாரும் எதிர்பாக்கவும் மாட்டாங்க.

ரெண்டாவதுதான் இன்னிக்கு நம்ம பேச வந்த விஷயம், ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரண்ட். அதாவது டிக்கெட் விலைக்குள்ள வராத, தனியா காசு கட்டி சாப்பிடற எடம், சாப்ஸ் கிரில்னு ஸ்டேக் கடை, ஜேமீஸ் இட்டாலியன், இசுமின்னு ஜப்பான் சாப்பாடு, ஒண்டர்லேண்ட்னு சாப்பாட்ட வெச்சு வித்தை காட்டற ஒரு எடம், இந்த மாதிரி. சிலதுல கவர் சார்ஜ், தலைக்கு இவ்ளோ கட்டிட்டு வேணுங்கறத சாப்டுக்கலாம், சிலதுல ஒவ்வொரு தட்டுக்கும் தனி விலை. ரெண்டுலயும் டிப்ஸ் பில்லுலயே தானா ஏறிடும். ராயல் கரீபியன்ல 18%, மத்த கப்பல் கம்பெனில பார்த்தா பிரின்சஸ்லயும் 18%, செலிபிரிட்டிலயும் நார்வீஜியன்லயும் 20%. முன்கூட்டியே ஆப்ல புக் பண்ணி கட்டினாலும் சரி, டைனிங் பேக்கேஜ் வாங்கினாலும் சரி, கட்டும்போதே அந்த சதவீதமும் சேந்து போயிடும். தெனசரி கிராஜுவிட்டி கட்டிட்டோமே, இது எதுக்குன்னு கேக்காதீங்க, இது வேற கணக்கு அது வேற கணக்கு.

இப்ப எங்க மாட்டிக்கறோம்னு சொல்றேன், நானே மாட்டினவன்தான். எங்க கல்யாண நாளுக்கு ஒரு கப்பல்ல தெப்பன்யாக்கி, அதாவது நம்ம எதிர்லயே பெரிய கல்லுல சுட்டுத் தர்ற ஜப்பான் சாப்பாடு, போனோம், தலைக்கு 60 டாலர், ரெண்டு பேருக்கு 120, அதோட 18% 21.60 சேத்து 141.60. சாப்டு முடிஞ்சதும் அழகா தோல் ஃபோல்டர்ல ஒரு சீட்டு வருது, நீங்க கையெழுத்து போடணும். அந்த சீட்டுல கடைசில ஒரு காலி கோடு இருக்கும், அடிஷனல் கிராஜுவிட்டின்னு போட்டிருக்கும், அதுக்கு கீழ டோட்டல்னு இன்னொரு காலி கோடு. லைட்டு மங்கலா இருக்கு, கண்ணாடிய ரூம்ல விட்டுட்டு வந்துட்டேன், எதிர்ல சமைச்சவர் வேற சிரிச்சுக்கிட்டு நிக்கறாரு, வீட்டம்மா ஆபீஸ்ல யாரோ அமெரிக்கால 20% வெக்கணும்னு சொல்லிவிட்டுருக்காங்க. நான் பெருந்தன்மையா 20 டாலர்னு எழுதி கையெழுத்தும் போட்டுட்டேன். ரூமுக்கு வந்து ஆப்ல கணக்க பார்த்தா 161.60. அதாவது 120 டாலர் சாப்பாட்டுக்கு 41.60 டிப்ஸ், மூணுல ஒரு பங்குக்கும் மேல! நம்ம காசுக்கு சாப்பாடு 210 வெள்ளி. அந்த மனுஷன் நல்லாத்தான் சமைச்சாரு, முட்டைய தூக்கி தொப்பில எல்லாம் புடிச்சாரு, குடுத்ததுக்கு வருத்தம் இல்ல, ஆனா தெரிஞ்சு குடுக்கறது வேற, தெரியாம குடுத்துட்டு ரூம்ல உக்காந்து முழிக்கறது வேற.

அதனால மொத வேலை, சீட்டு வந்ததும் அவசரப்படாதீங்க, போன் லைட்ட அடிச்சாவது மேலேருந்து கீழ படிங்க. சப்டோட்டலுக்கு கீழ கிராஜுவிட்டி இல்லன்னா சர்வீஸ் சார்ஜ்னு ஒரு வரி ஏற்கெனவே இருக்கா பாருங்க. இருந்துச்சுன்னா முடிஞ்சுது, அந்த காலி கோட்டுல ஒரு கோடு இழுத்துட்டு, மொத்தத்த நீங்களே எழுதிட்டு கையெழுத்து போடுங்க. காலியா விட்டுட்டு வந்துடாதீங்க, யாரும் ஏமாத்துவாங்கன்னு சொல்லல, கணக்கு சுத்தமா இருக்கட்டும்னுதான். பேக்கேஜ்ல போனவங்களுக்கு சீட்டுல சாப்பாட்டுக்கு பூஜ்யம்னு வரும், அத பார்த்து "ஐயோ டிப்ஸே போகலயே"ன்னு பதறாதீங்க, அது பேக்கேஜ் வாங்கினப்பவே போயாச்சு. சந்தேகம்னா வெயிட்டர்கிட்டயே நேரா கேளுங்க, "டிப்ஸ் இதுல சேந்திருக்கா"ன்னு, இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. பின்னாடி இன்னொரு தடவ போனப்ப தமிழ் பேசற ஒரு தம்பி பரிமாறினாரு, தூத்துக்குடி பக்கம், அவர்கிட்ட கேட்டேன், "அண்ணே, பதினெட்டு ஏற்கெனவே போட்டாச்சு, இத நீங்க காலியா விட்டாலும் எங்க யாருக்கும் தப்பா தெரியாது"ன்னு அவரே சொன்னாரு.

பீர், ஒயின், காக்டெயில் இதெல்லாம் தனி பில். 14 டாலர் காக்டெயில்னா 18% சேந்து 16.52 ஆயிடும், அந்த ரெஸ்டாரண்ட்ல குடிச்சாலும் பார்ல குடிச்சாலும் அதேதான். டிரிங்ஸ் பேக்கேஜ் வாங்கியிருந்தா அதுலயும் டிப்ஸ் சேத்தே வாங்கியிருப்பான். ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு டாலர் வெக்கற அமெரிக்கக்காரங்கள பாப்பீங்க, அது அவங்க இஷ்டம், நம்ம அத பார்த்து கூச்சப்பட வேண்டியதில்ல.

அப்ப மேல ஒண்ணுமே குடுக்க வேணாமான்னா, குடுக்கலாம், ஆனா எப்பன்னு சொல்றேன். உங்களுக்காக யாராச்சும் வழக்கமான வேலைக்கு மேல மெனக்கெட்டாங்கன்னா. நம்மாளுங்களுக்கு இது அடிக்கடி வரும், ஏன்னா சாப்பாட்டுல நம்ம குடுக்கற தொல்லை கொஞ்சநஞ்சமா. அம்மா சுத்த சைவம், அப்பாவுக்கு மாட்டிறைச்சி ஆகாது, புரட்டாசின்னா மொத்த குடும்பமே மரக்கறி, பையன் மட்டும் ஸ்டேக் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கறான். ஸ்டேக் கடையில போய் உக்காந்துட்டு "இதுல மாடு இல்லாதது எது"ன்னு கேட்டா அவங்க என்ன பண்ணுவாங்க பாவம். இதுக்கு வழி இருக்கு, முந்தின நாளே இல்லன்னா புக் பண்றப்பவே ரெஸ்டாரண்ட் வாசல்ல நிக்கறவர்கிட்ட சொல்லிடுங்க, சைவம், முட்டை உண்டா இல்லயா, வெங்காயம் பூண்டு ஓகேவா, சூப்புல மாட்டெலும்பு தண்ணி சேக்கறாங்களா, எல்லாத்தயும் தெளிவா. முக்கியமா தெப்பன்யாக்கில ஒரே கல்லுலதான் எல்லாத்தயும் சுடுவாங்க, உங்க காய்கறிய தனியா ஒரு ஓரத்துல, இல்ல தனி சட்டில பண்ணித்தர முடியுமான்னு மொதல்லயே கேக்கணும். முன்கூட்டியே சொன்னா நெறைய எடத்துல செய்வாங்க. எங்கம்மாவுக்கு ஒரு தடவ ஸ்டேக் கடையில மெனுவுலயே இல்லாத காளான் ரிசோட்டோவும், அதோட எங்கேருந்தோ பருப்பும் சோறும் கொண்டுவந்து வெச்சாரு ஒரு ஹெட் வெயிட்டர், மெயின் டைனிங் சமையல்கட்டுலேருந்து வாங்கிட்டு வந்தாராம். அம்மா அன்னிக்குத்தான் கப்பல்ல மொத தடவையா வயிறார சாப்டாங்க. அந்த மாதிரி ஆளுக்கு கையில குடுக்காம வந்தா எனக்கு தூக்கம் வராது. அன்னிக்கு 10 டாலர் குடுத்தேன்.

எவ்ளோங்கறதுக்கு சட்டமெல்லாம் கெடையாது, என் பழக்கம் சொல்றேன், ரெண்டு பேர் சாப்ட மேசைக்கு 5 டாலர், குடும்பமா போய் தொல்லை குடுத்திருந்தா 10, பிறந்தநாள் கேக், பாட்டுன்னு ஏற்பாடு பண்ணாங்கன்னா அதுக்கு ஏத்த மாதிரி. அத சீட்டுல எழுதறத விட கையில காசா குடுக்கறது எனக்கு புடிச்சிருக்கு, யாருக்கு குடுக்கறோம்னு நமக்கே தெரியும்ல. பரிமாறின வெயிட்டருக்கும் கூட வர்ற அசிஸ்டென்டுக்கும் தனித்தனியா குடுங்க, தண்ணி ஊத்தி, தட்டு எடுத்து, அதிகமா ஓடறது அந்த அசிஸ்டென்ட் பையன்தான், அவனத்தான் எல்லாரும் மறந்துடறாங்க.

காசு குடுக்கறதுல ஒரு நுணுக்கம் இருக்கு, இத தயவுசெஞ்சு கவனிங்க. சில்லறைக் காசு குடுக்காதீங்க. நம்மூர்ல 1987ல 1 வெள்ளி நோட்டுக்கு பதிலா காசு வந்ததுலேருந்து அந்த நோட்டு கைக்கு வர்றதில்ல, சின்ன நோட்டுன்னா அந்த ஊதா கலர் 2 வெள்ளிதான், அதனால பர்ஸ் கனம் கொறையட்டும்னு ஒரு வெள்ளி காசா நாலஞ்ச எடுத்து நீட்டறவங்கள நானே பாத்திருக்கேன். வேற நாட்டுக் காசுல நாணயத்த எந்த மணி சேஞ்சரும் வாங்க மாட்டான், அது அந்தப் பையனுக்கு வெறும் இரும்புதான். நோட்டா குடுங்க, சிங்கப்பூர் வெள்ளின்னாலும் நோட்டா இருந்தா பரவால்ல, மாத்திக்குவாங்க. அமெரிக்க டாலர் இன்னும் நல்லது. கெளம்பறதுக்கு முன்னாடி முஸ்தபா கடை பக்கமோ ராஃபிள்ஸ் பிளேஸ் ஆர்கேட்லயோ மாத்தும்போது "5 டாலர் நோட்டு குடுங்க, 1 டாலர் நோட்டு கொஞ்சம் குடுங்க"ன்னு கேட்டு வாங்குங்க, கேக்கலன்னா 100 டாலர் நோட்டா கட்டி குடுத்துடுவான். எல்லாக் கடையிலயும் சின்ன நோட்டு இருக்காது, ரெண்டு கடை ஏறி எறங்கணும். கடைசி நாள் வரைக்கும் காத்திருந்து கஸ்டமர் கவுண்டர்ல சில்லறை மாத்தலாம்னு நெனைக்காதீங்க, அங்க வரிசை வாசல் வரைக்கும் நிக்கும்.

வெறும் நோட்ட மேசை மேல போட்டுட்டு வர்றது எனக்கு ஒரு மாதிரி இருக்கும். வீட்டுல தீபாவளிக்கு பேங்க்ல குடுத்த பணம் வெக்கற பாக்கெட், சீனப் புத்தாண்டுக்கு வந்த அங் பாவ் பாக்கெட் எல்லாம் டிராயர்ல தூங்கும் பாருங்க, அதுல ஒரு பத்த எடுத்து பெட்டில போட்டுக்கோங்க. அதுல போட்டு, பேர சொல்லி, தேங்க்ஸ்னு சொல்லி கையில குடுத்தா வாங்கறவங்களுக்கும் கௌரவமா இருக்கு. பெரியவங்கள விட்டு குடுக்க வெச்சீங்கன்னா இன்னும் விசேஷம், எங்கம்மா அந்த ஹெட் வெயிட்டருக்கு ரெண்டு கையாலயும் குடுத்து "நல்லா இருப்பா"ன்னு தமிழ்லயே சொன்னாங்க, அவரு பிலிப்பைன்ஸ்காரர், ஒரு வார்த்தை புரிஞ்சிருக்காது, ஆனா கையெடுத்து கும்புட்டாரு. பணத்துக்கு பதிலா வீட்டு முறுக்கு குடுக்கலாம்னு நெனைக்காதீங்க, வீட்டுல செஞ்ச பண்டத்த பல கப்பல்ல ஏத்தவே விட மாட்டாங்க, கடையில வாங்கின சீல் பிரிக்காத பாக்கெட்னா பெரும்பாலும் போயிடும்.

காசுக்கு சமமா இன்னொண்ணு இருக்கு, நம்மாளுங்க யாருமே செய்யறதில்ல. கடைசி நாள்ல மெயில்ல ஒரு சர்வே வரும், நம்ம அத பாக்காம டிலீட் பண்ணிடுவோம். அதுல பரிமாறினவர் பேர எழுதுங்க, பேட்ஜ்ல பேரும் நாடும் போட்டிருக்கும், மறந்துடும்னா அப்பவே போன்ல எழுதி வெச்சுக்கோங்க. அந்த பேரு அவங்க மேலாளர் கைக்கு போகுது, அடுத்த ஒப்பந்தம், பதவி உயர்வுன்னு வரும்போது அது பேசும். அந்த தூத்துக்குடி தம்பிகிட்ட டிப்ஸ நீட்டினப்ப வாங்கிக்கிட்டு, "அண்ணே, முடிஞ்சா சர்வேல பேர போட்டு விடுங்க"ன்னுதான் கேட்டாரு.

செய்யக் கூடாததுல ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். கஸ்டமர் கவுண்டர்ல போய் தெனசரி கிராஜுவிட்டிய எடுத்து விட சொல்லலாம், சில கப்பல்ல அதுக்கு வழி இருக்கு. ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரண்ட்லயே எல்லா ராத்திரியும் சாப்டோம், அங்கதான் 18% குடுத்தாச்சே, அப்பறம் மெயின் டைனிங் ஆளுக்கு எதுக்குன்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க. கேக்க நியாயமா இருக்கும், ஆனா ரூம் சுத்தம் பண்றவருக்கு போறதும் அதுலதான் இருக்கு, காலைலயும் மத்தியானமும் பஃபேல நீங்க போட்ட தட்ட எடுத்தவருக்கு போறதும் அதுலதான். சர்வீஸ் நெசமாவே மோசமா இருந்துச்சுன்னா அன்னிக்கே மேலாளர கூப்ட்டு சொல்லுங்க, சாப்பாட்ட மாத்தி குடுக்கவாச்சும் வழி இருக்கும். நாலு நாளும் சிரிச்சு பேசிட்டு கடைசி ராத்திரி கமுக்கமா போய் எடுத்து விடறது அசிங்கம், நான் இத சொல்லி ஒரு சொந்தக்காரர் ரெண்டு மாசம் பேசல, பரவால்ல.

இன்னொரு சின்ன விஷயம், புக் பண்ணிட்டு போகாம விட்டுடாதீங்க. பினாங்கிலயோ புக்கெட்லயோ கரைக்கு எறங்கி சுத்திட்டு, நாசி கண்டார வயிறு முட்ட சாப்டுட்டு வந்து "ராத்திரி பசிக்கல"ன்னு படுத்துட்டா சில கப்பல்ல காசு பிடிச்சுக்குவாங்க, அந்த மேசையும் காலியா போகும். கப்பல் கரைய தொடற நாள்ல ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரண்ட் போடாதீங்க, நாள் முழுக்க கடல்லயே இருக்கற நாள்ல போடுங்க.

கடைசி ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி ஆப்லயோ ரூம் டிவிலயோ கணக்க தெறந்து ஒரு தடவ பாத்துடுங்க, ஒவ்வொரு ரெஸ்டாரண்ட் வரியும் நீங்க கையெழுத்து போட்ட தொகையோட ஒத்துப்போகுதான்னு. சீட்டோட காப்பிய போன்ல படம் புடிச்சு வெச்சிருந்தா நல்லது, நான் இப்ப எல்லா சீட்டயும் புடிச்சுடறேன். தப்பு இருந்தா அன்னிக்கு ராத்திரியே கவுண்டருக்கு போயிடுங்க, காலைல கப்பல் மரீனா பேல நின்னதுக்கப்பறம் போனீங்கன்னா முன்னாடி நூறு பேர் நிப்பாங்க, வெளிய டாக்சி வரிசை வேற.